நம்ம ரத்தத்தில் வடிகட்ட என்ன இருக்கு

சென்னை
3 ஜூன் 2024

அண்ணனுக்கு, சொர்ணம் எழுதுவது.

போனை எடுக்கவில்லை என்று வேணியிடம் குறைபட்டீர்களாம். எடுக்க மாட்டேன். பகலும் ராத்திரியும் கணேஷ்ராம் கட்டில் ஓரத்தில்தான் இருக்கிறேன். அவன் காதில் விழாமல் உங்களோடு பேச இங்கே இடம் கிடையாது. போன வாரம் வராந்தாவில் நாம் போட்ட சண்டையே கண்ணாடிக் கதவைத் தாண்டி அவனுக்குக் கேட்டிருக்கிறது. "மாமாவ எதுக்கும்மா ஏசுத?" என்று கேட்டான். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், தங்கச்சிக்கு ஒன்று எழுதினால் கை தேய்ந்து போகாது.

அன்றைக்குக் கோபத்தில் பாதிதான் சொன்னேன். மீதியையும் கேளுங்கள். என் பிள்ளைக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது, அவன் அக்காள் வேணியின் மஜ்ஜையை வைத்தால்தான் மறுபடி ஊறும் என்பது உங்களுக்குத் தெரியும். அதுவரை ரத்தக்கசிவு வராமல் இருக்க மஞ்சள் பையில் பிளேட்லெட் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. காலையில் ஏற்றினால் மத்தியானம் ஈறில் ரத்தம்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். திருநெல்வேலியில் ஏற்றிய பைகளில் பிளேட்லெட்டோடு, கொடுத்தவர்களின் வெள்ளை அணுக்களும் சேர்ந்தே போயிருக்கின்றன. அவற்றின் அடையாளத்தை இவன் உடம்பு பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இப்போது அந்த அடையாளத்தோடு யாருடைய பிளேட்லெட் வந்தாலும் வந்த வேகத்தில் அழித்துவிடுகிறது. நம் சொந்தத்தில் பாதிப் பேருக்கு மேல் அதே அடையாளம்தான். வெள்ளை அணுக்களை வடிகட்டிவிட்டு ஏற்றியிருந்தால் அநேகமாக இப்படி ஆகியிருக்காது என்றார் பெரிய டாக்டர்.

வேணியின் அடையாளமும் அவன் அடையாளமும் ஒன்று, அவளுடையது நிற்கும். ஆனால் மஜ்ஜை கொடுக்கப் போகிறவளின் ரத்தத்தை முன்கூட்டி ஏற்றினால், நாளைக்கு அந்த மஜ்ஜையையே உடம்பு தள்ளிவிடலாம். ஏற்கெனவே ஒரு தடவை ஏற்றிவிட்டீர்களே என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கூடப் பிறந்தவள்தான் முதலில் கொடுக்கணும் என்று அவளை வரிசையில் முதலாவதாக நிறுத்தியது யார்?

திருநெல்வேலி ஆஸ்பத்திரி டாக்டர் அர்ஷியா அன்றைக்கே சொன்னாள். சின்னப் பெண், ஆனால் தெளிவாகச் சொன்னாள். சொந்தக்காரர்கள் வேண்டாம், வெளியாள் பை, அதையும் வடிகட்டித்தான் ஏற்ற வேண்டும், மதுரையிலிருந்து சாயங்காலம் வந்துவிடும், அதுவரை தாங்கும் என்றாள். நீங்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "நம்ம ரத்தத்துல வடிகட்ட என்னம்மா இருக்கு? அழுக்கா?"

இப்போது வேண்டியது இது. ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆட்களைச் சோதித்ததில் யாரும் சேரவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்களும் இல்லை. நாற்பது பேரிடம் சின்னக் குழாயில் ரத்த மாதிரி எடுத்து அனுப்புங்கள். இவன் உடம்பு சண்டை போடாத ஆள் யாரென்று பார்த்துச் சொல்வார்கள். நம் வழியில் ஒருத்தர்கூட அதில் இருக்கக் கூடாது. வேன் நிறைய நம் ஆட்களைக் கூட்டி வந்தீர்களே, அதே போல இப்போது மற்றவர்களைக் கூட்டுங்கள்.

சொர்ணம்

*

உ
ஆழ்வார்குறிச்சி
8 ஜூன் 2024

சொர்ணத்துக்கு, அண்ணன் தில்லைநாயகம் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மதினி படித்துக் காட்டு என்றாள். முடியாது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ எழுதியதில் பொய் இல்லை. ஆனால் நான் கெடுதல் நினைத்து எதுவும் செய்யவில்லை, அதையும் நீ எழுதியிருக்கலாம். மாப்பிள்ளை போன பிறகு உன் வீட்டுக்கு ஆம்பளை என்று யார் நின்றது? பிள்ளைக்கு ரத்தம் வேண்டும் என்றதும் ஏரலிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் ஆள் வந்து வேனில் ஏறியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். தாய்மாமன் வேறு எதற்கு இருக்கிறான் என்று நினைத்தேன். அந்த டாக்டர் பெண் வடிகட்டணும் என்றதும், நம் ஆட்களை அவள் அசிங்கப்படுத்துவதாக எனக்குப் பட்டது. வெள்ளை அணு, அடையாளம் எல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்பாய். அதுவும் சரி.

இந்தப் பத்துப் பதினைந்து நாளாக நான் சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்து போகிறேன். மதினி கேட்டால் நெஞ்சுக் கரிப்பு என்கிறேன்.

ஆள் சேர்க்கப் போனதைச் சொல்கிறேன். பொட்டல்புதூரில் கடை வைத்திருக்கும் ஹசன் அலி எட்டுப் பேரைக் கூட்டி வந்தார். "தபாலாபீசுல வரிசையில நிக்க விடாம எங்க வாப்பாவுக்கு உக்கார நாற்காலி போட்டவரு நீங்க" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. என்னோடு வேலை பார்த்த ஜெபஸ்டின், சர்ச் பையன்கள் என்று எபி, ஜோஷுவா முதலான ஒரு கூட்டத்தை அனுப்பினார். நம் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு, அம்பாசமுத்திரத்து லேப் பெண் ஒருத்தி வந்து எடுத்தாள்.

நம் ஆட்களைத் தடுப்பதுதான் பெரும்பாடு. விஷயம் தெரிந்து ஏரல் அண்ணன் மகன் பைக்கில் வந்து இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திரு என்றேன். "எங்க ரத்தம் இப்ப கசந்துட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேணியிடமும் சொல்லவில்லை. நான் கொடுக்கிறேன் மாமா, கொடுக்கிறேன் மாமா என்று அரித்தெடுக்கிறாள். டாக்டர் வேண்டாம் என்றார் என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். தம்பிக்கு முதலில் கொடுத்தது நான்தான் என்று காலேஜில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள். அந்தக் கொடுத்தலே இடைஞ்சலாகப் போகும் என்று எப்படிச் சொல்வேன்?

நாற்பது குழாய் ஐஸ் பெட்டியில் வருகிறது. நானே கட்டினேன். நம் வேன் டிரைவர் தளவாய் பெயர் போட்டதும் அதில் உண்டு. கடைசி ஒன்று அமைவதற்குத்தான் சிரமமாகப் போய்விட்டது.

கணேஷ்ராமிடம் மாமா கேட்டதாகச் சொல்.

தில்லைநாயகம்

*

சென்னை
19 ஜூன் 2024

அண்ணனுக்கு,

இதை எபி கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலையில் உங்கள் கைக்கு வந்துவிடும். போனில் கேட்கலாம். கேட்டால் சத்தம் போட்டு மழுப்புவீர்கள். எழுத்தில் மழுப்புவது கஷ்டம்.

நாற்பதில் இரண்டே பேர்தான் சேர்ந்தார்கள். ஹசன் அலி காய்ச்சலில் படுத்துவிட்டார், ரயில் ஏற முடியவில்லை. எபி வந்தான். வடிகட்டி ஏற்றினார்கள். நின்றது அண்ணே. இரண்டு நாள் கணேஷ்ராம் ஈறில் ரத்தம் இல்லை, இட்லி தின்றான். நான் எபியைத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. மறுபடியும் கொடுத்தான். அதன் பிறகு அவனுடைய பிளேட்லெட் எண்ணிக்கையே இறங்கிவிட்டது, கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும், ஊருக்குப் போ என்றுவிட்டார்கள்.

அவன் கொடுத்ததும் தீர்ந்து, வேறு ஆளும் இல்லாத இடைவெளியில்தான் இது நடந்தது. நேற்றுக் காலையில் எழுந்தவன், "அம்மா, இந்தப் பக்கம் யாரு லைட்ட அணைச்சது?" என்று கேட்டான். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து நிறைந்துவிட்டது. இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லை. கரைந்தாலும் கரையலாம், கரையாமலும் போகலாம் என்கிறார்கள். அடுத்த கசிவு தலைக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் பதில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. லேபில் இருக்கிற அம்மாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நாற்பது குழாயில் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகச் சண்டை போட்டிருக்கிறது. "சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னுதானே சொன்னீங்க? இது அச்சு அசல் உங்க குடும்பம் மாதிரி இருக்கே" என்றார். குழாயின் மேலே தளவாய் என்று எழுதியிருந்தது.

தளவாய் நமக்கு எந்த வழியில் சொந்தம் அண்ணே?

சொர்ணம்

*

உ
ஆழ்வார்குறிச்சி
20 ஜூன் 2024

சொர்ணம்,

இந்தக் கடிதத்தோடு உன் முன்னால் நிற்கிறவன் தளவாய். நிஜத் தளவாய். முதலில் அவனை லேபுக்குக் கூட்டிப் போ. பிறகு உட்கார்ந்து படி.

அந்தக் குழாயில் இருந்தது என் ரத்தம். லேப் பெண்ணிடம் கையை நீட்டிவிட்டு, "தளவாய்னு எழுதும்மா" என்று சொன்னேன். முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டது, ஒன்று குறைந்தது. அந்த ஒன்று தளவாய் என்று முதலிலிருந்தே என் மனதில் இருந்தது. அவனுக்கும் பிள்ளையின் ரத்த குரூப்தான். மூன்று நாள் அவன் வண்டி நிற்கிற ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். கேட்க முடியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாது, அன்றைக்கு நீ டாக்டரோடு உள்ளே இருந்தாய். வேனிலிருந்து நம் ஆட்கள் எல்லாரும் இறங்கி ரத்த வங்கிக்குள் போனதும் அவன் என்னிடம் வந்து, நானும் கொடுக்கட்டுமா அண்ணாச்சி, எனக்கும் அந்த குரூப்தான் என்று கேட்டான். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நம் ஆட்கள் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, "நீ வண்டியப் பாத்துக்கோ லே" என்றேன். அவன் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக நம் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வண்டி ஓட்டுகிறான். ஒரு நாள் வீட்டுக்குள் வந்து உட்கார் என்று நாம் சொன்னது கிடையாது. அவனிடம் போய் இப்போது எந்த முகத்தோடு ரத்தம் கேட்பது என்றுதான் என் கையை நீட்டினேன். இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் எல்லாருடைய ரத்தமும் ஆகும், என் ரத்தம் மட்டும் ஆகாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஒருவேளை சேர்ந்துவிட்டால் என்று ஒரு சபலம்.

இன்று காலையில் எபி உன் கடிதத்தைக் கொடுத்தான். கண் என்று நீ எழுதிய இடத்துக்கு மேல் படிக்காமல் ஸ்டாண்டுக்குப் போனேன். தளவாய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாலு டிரைவர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவன் துணியைப் பிழிந்து கண்ணாடி மேல் போட்டான்.

"அன்னைக்கே கேட்டேம்லா அண்ணாச்சி. வண்டியப் பாத்துக்கோன்னீங்க. பாத்துக்கிட்டேன்."

அங்கேயே நின்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பிக்கு எப்ப வேணும்?" என்றான். இன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறேன். வழியில் சாப்பிட வாங்கித் தந்ததை வேண்டாம் என்றுவிட்டான், அவன் பெண்டாட்டி பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள்.

அவனை நல்லபடியாகக் கவனி. என்னை நீ என்ன வேண்டுமானாலும் ஏசு.

தில்லைநாயகம்

*

சென்னை
25 ஜூன் 2024

அண்ணனுக்கு,

தளவாய் ரத்தம் சேர்ந்துவிட்டது. லேப் அம்மாள் இரண்டு தடவை சோதித்தார். எபியுடையதைவிட நன்றாக நிற்கிறது. ஏற்றி நாலு நாள் ஆகிறது, உடம்பில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஜூலை முதல் வாரம் மஜ்ஜை வைப்பதற்கான மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். அதுவரை அவன் இங்கேயே தங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

கண்ணில் ரத்தம் கரையவில்லை.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் ஒவ்வொரு தடவை உங்களைப் பார்க்கும்போதும் தொண்டையில் நிற்கும். அந்தப் பெட்டியில் தளவாய் பெயருக்குள் தளவாய் ரத்தம் இருந்திருந்தால், எபி இனிக் கொடுக்க வேண்டாம் என்ற அன்றைக்கே இவன் இங்கே இருந்திருப்பான். இடைவெளியே விழுந்திருக்காது. கணேஷ்ராமுக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும். வடிகட்ட வேண்டாம் என்று சொன்னது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

உங்களை இப்படி எழுதிவிட்டு, உங்களை மட்டும் எழுதிவிட்டோமே என்று இருக்கிறது. அர்ஷியா அன்றைக்கு உங்களிடம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள். எனக்கு அவள் சொன்னது புரிந்திருந்தது அண்ணே. நன்றாகவே புரிந்தது. ஆனால் அத்தனை சொந்தத்துக்கு முன்னால் உங்கள் பேச்சைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. வேனில் வந்தவர்களெல்லாம் கோபித்துக்கொண்டு போய்விட்டால் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு பயம். அண்ணன் சொன்னால் சரி என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். பெத்தவள் நான். வராந்தாவில் உங்களைப் பார்த்துக் கத்தினேனே, அதில் பாதி என்னைப் பார்த்துக் கத்தியது.

வேணியிடம் சொல்லிவிடுங்கள். அவள் இங்கே வந்து டாக்டர் வாயால் கேட்க வேண்டாம்.

சொர்ணம்

*

உ
ஆழ்வார்குறிச்சி
1 ஜூலை 2024

சொர்ணத்துக்கு,

வேணியிடம் சொல்லிவிட்டேன். கூடத்தில் உட்கார வைத்து, உன் தம்பிக்கு நீ கொடுத்த ரத்தமே உன் மஜ்ஜையை அவன் உடம்பு தள்ளக் காரணமாகலாம், கொடுக்கச் சொன்னது நான், உன் மேல் இதில் துரும்பளவு தப்பும் இல்லை என்றேன். எழுந்து போய்ப் பெட்டியில் துணி அடுக்கினாள். என்னைத் திட்டிவிடு அம்மா என்றேன். "திட்டினா உங்களுக்கு நல்லாருக்கும்லா மாமா" என்றாள். நாளை ரயிலில் வருகிறாள். அவள் சாப்பிட்டாளா என்று பார்த்துக்கொள்.

நம் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்றேன். ஏரல் அண்ணன் மகன் மட்டும் அழுதுவிட்டான். அவன் மூன்று தடவை கொடுத்திருக்கிறான்.

எபி அங்கே வந்ததும், இரண்டு நாள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று தளவாய் நேற்று வந்து சேர்ந்தான். ஸ்டேஷனுக்கே போய் நின்றேன். வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடுவோம் என்று கூப்பிட்டேன். "வீட்டுல ஆக்கி வச்சிருப்பா அண்ணாச்சி, நான் பைய போறேன்" என்று சொல்லிவிட்டான். மதினி இலை போட்டு வைத்திருந்தாள். கோபமா என்றால் கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சம்மதம் என்றும் சொல்ல முடியாது. நான் மறுபடியும் கேட்பேன்.

கண்ணைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். தெரிந்து செய்தது என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். அந்தப் பெட்டியைக் கட்டும்போது தளவாய் பெயர் போட்ட குழாயை ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கட்டினேன்.

உன் பங்கு என்று எதையோ எழுதியிருக்கிறாய். அதை உன்னோடு வைத்துக்கொள்ளாதே. நான் சின்ன வயசிலிருந்து உன்னைப் பேச விட்டதே கிடையாது, அன்றைக்கு மட்டும் எப்படிப் பேசுவாய்?

நான் வரட்டுமா? உள்ளே வர வேண்டாம் என்றால் வராந்தாவில் இருந்துகொள்கிறேன்.

தில்லைநாயகம்

*

சென்னை
14 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். வாருங்கள் என்று எழுத மனம் வரவில்லை, வராதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை.

வேணியின் மஜ்ஜை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம் வரைக்கும் எண்ணிக்கை ஏறவே இல்லை. தள்ளிவிட்டது என்றே நினைத்தோம். வேணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் போனால் எழுந்து போய்விடுவாள். போன வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸ் ஓடிவந்து சொன்னாள். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இனிமேல் வேணியின் பிளேட்லெட்டை ஏற்றலாம் என்றார்கள், நேற்று கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து என் மடியில் படுத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். உயிர் தப்பிவிட்டது அண்ணே. பயம் முழுக்கப் போகவில்லை, ஆனால் தப்பிவிட்டது.

இடது கண் அப்படியேதான் இருக்கிறது. நாள் கழித்து ஆபரேஷன் செய்து பார்க்கலாம், அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்கிறார்கள். தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் அதற்கு இந்தப் பக்கமே விரல் நின்றுவிடுகிறது.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தளவாய் அண்ணன் ஏன் முதலிலேயே வரவில்லை என்று அவனாகக் கேட்டான். பொய் சொல்லத் தோன்றவில்லை. வடிகட்டாத பையையும் சொன்னேன், நான் வாயை மூடி நின்றதையும் சொன்னேன், குழாயையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்று காலையில்தான் உங்கள் பேச்சை எடுத்தான். நீங்கள் வரக் கேட்டிருப்பதைச் சொன்னேன்.

"வரட்டும்மா. வந்தா மாமாவ இடது பக்கமா உக்காரச் சொல்லு."

சிரித்துக்கொண்டே சொன்னான். விளையாட்டாகச் சொன்னானா, மனதில் வைத்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது. நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சொர்ணம்

*

உ
ஆழ்வார்குறிச்சி
17 ஆகஸ்ட் 2024

சொர்ணத்துக்கு,

திங்கட்கிழமை காலையில் வந்து சேருகிறேன். தளவாயும் பிள்ளையைப் பார்க்க வருகிறான். மதினி அரைத்துக் கொடுத்த பருப்புப்பொடி கொண்டு வருகிறேன், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு.

இடது பக்கமே உட்காருகிறேன். நான் வந்திருப்பதை நீ அவனிடம் சொல்ல வேண்டாம், நானும் சத்தம் கொடுக்க மாட்டேன். அவனாகத் தலையைத் திருப்பிப் பார்க்கும்வரை அங்கேயே இருந்துகொள்கிறேன்.

தில்லைநாயகம்